தொழில்: விவசாயக் கூலி

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்கத் தெரிகிறது. எதற்குப் போடுவது என்று கேட்கத் தெரியவில்லை. பேனாவை யார் நீட்டினாலும் போதும், கல்யாண வீட்டு வாசலில் சந்தனத்தைத் தொட்டுக்கொள்வது மாதிரி ஆளாளுக்குத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். போன ஆட்சியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி அட்டைக்குப் படம் பிடித்தபோது பார்த்தேன். தலையில் கனகாம்பரமும் முகத்தில் பவுடருமாக வரிசையில் நிற்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தனைக் கேட்டேன். "தெரியலைங்க, எல்லாரும் போடுறாங்க" என்றான். எல்லாரும் வாய்க்காலில் விழுந்தால் இவனும் விழுவான்.

நான் அப்படி இல்லை. எனக்குக் காரணம் உண்டு. என் அப்பா கைநாட்டு. குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது என்று பண்ணையாள் சட்டம் வந்த வருஷம் மிராசுதார் வீட்டில் கூப்பிட்டு, விதைநெல்லுக்கு என்று சொல்லி ஒரு தாளில் பெருவிரலை உருட்டினார்கள். அடுத்த மாதம் பார்த்தால், குத்தகைக்குப் பார்த்த பன்னிரண்டு மா நிலத்தையும் மனமுவந்து ஒப்படைத்துவிட்டுக் கூலிக்கு இருப்பதாக அந்தத் தாள் பேசியது. அப்பா சாகிறவரைக்கும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்காகவே என்னைச் சாமியார் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படிக்க வைத்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் படித்துவிட்டுத்தான் போடுவேன்.

காங்கிரஸ் போய்க் கழகம் வந்த வருஷம், அதே மிராசு குடும்பத்திடம் ஏழு மா குத்தகைக்கு எடுத்தேன். எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். தாள் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அறுத்து அடித்ததும் களத்தில் முதலில் மிராசு பங்கை அளந்து தனிக் குவியலாகக் குவித்து, மேலே சாம்பலால் குறி போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் என் நெல்லில் மரக்காலை வைப்பேன். மிராசு வீட்டு ஏஜெண்டு வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். நாற்பத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. பெரிய மிராசுதார் செத்துப்போனார். சென்னையில் இருக்கும் அவர் மகன் நிலத்தை மனைக்கட்டுப் போடுகிறவனுக்கு விற்கப் பார்த்தான். இப்போதைய ஏஜெண்டு தங்கமணி என் வயலில் வந்து நின்று, "நீங்க என்ன குத்தகைக்காரரா? கூலிக்குப் பார்த்துக்கிட்டவர்தானே" என்றான். அதைச் சொன்னபோது அவன் செருப்பு என் நாற்றங்காலில் இருந்தது.

டவுனில் வக்கீல் ஜெக்கரியாவைப் பிடித்து முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். தீர்ப்பு வரைக்கும் என்னை வெளியேற்றக் கூடாது என்று தடையுத்தரவு கிடைத்தது. கொடுத்த முன்சீப்பு அந்த மாதமே மாற்றலாகிப் போனார். அந்த நாற்காலி மூன்று வருஷம் காலியாகக் கிடந்தது. பக்கத்து ஊர் முன்சீப்பு வியாழக்கிழமை வந்து, பேரைக் கூப்பிட்டு, அடுத்த தேதியைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் பஸ் ஏறிவிடுவார். நான் வாய்தாவுக்குப் போய்ப் போய் அந்தக் கோர்ட்டு வேப்பமரத்தில் எத்தனை கிளை என்று சொல்லுவேன்.

"எப்ப பாய் ஆள் போடுவாங்க?" என்று கேட்டால் ஜெக்கரியா, "மேல முடிவாகணும் பெரியவரே" என்பார்.

"மேலன்னா யாரு? கட்சிக்காரனா?"

"பரிட்சை வச்சுத்தான் எடுப்பாங்க. அதுல கட்சி கிடையாது."

"பரிட்சை எழுதினவன்தான் பாய் எங்கப்பன்கிட்ட அந்தத் தாளையும் எழுதி வாங்கினான்."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வேறு வழக்குக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இதற்கு நடுவில்தான் என் வீட்டுக்காரிக்கு நெஞ்சு கெட்டது. அமலோற்பவம் என்று பேர், நான் அமலம் என்பேன். நடவில் வரிசை தப்பாமல் முன்னால் போகிறவள், ஐப்பசியில் கோயிலுக்குப் போகிற வழியில் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. உதடு நீலமாக இருந்தது. தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மூன்று நாலு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்றார் டாக்டர். படம் பிடித்த ஆஸ்பத்திரி அட்டை இருந்ததே, நானும் படித்துப் பார்த்துத்தான் அதில் கை வைத்தது, அதை எடுத்து நீட்டினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது பழைய திட்டம் தாத்தா. ஆட்சி மாறினதும் நிறுத்திட்டாங்க. புதுசு வருது. தை மாசம் அட்டை போடுவாங்க."

"ஆட்சி மாறினா நெஞ்சு மாறுமாம்மா?"

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பாவம், அவளும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள்.

போன ஆட்சி கொடுத்தது ஒரு டிவி, இந்த ஆட்சி கொடுத்தது ஒரு மிக்ஸி. இரண்டும் என் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, சண்டை போடவில்லை. அட்டை மட்டும் ஏன் ஒன்று வந்தால் இன்னொன்று சாக வேண்டும்?

தை பிறந்தது. புது அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும் என்றார்கள். அதைக் கொடுக்க வேண்டியவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலர் அம்சவல்லி. முப்பத்தைந்து வயது இருக்கும், ஸ்கூட்டரில் வரும். அந்த அம்மாமேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. ஏனென்றால் அந்த ஆபீசே மிராசுதாரின் பழைய கார் ஷெட்டில் வாடகைக்கு இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தங்கமணி பல் விளக்குவது தெரியும்.

மனுவை அந்த அம்மாவே எழுதியது. பேர், வயது, அப்பா பேர் எல்லாம் சரி. தொழில் என்ற இடத்தில் 'விவசாயக் கூலி' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டாவது தரமும் படித்தேன்.

"இது யாரு?" என்றேன்.

"நீங்கதான்."

"நான் கூலி இல்லை. குத்தகை சாகுபடி. அதை எழுதும்மா."

"ஐயா, அந்த நிலம் வழக்குல இருக்கு. உங்களை நான் குத்தகைதாரர்னு சான்று கொடுத்தா, கோர்ட்டு முடிவு பண்றதுக்கு முன்னாடி நீ எப்படி முடிவு பண்ணேன்னு தாசில்தார் மனுவையே திருப்பி அனுப்பிடுவாரு. ஊர்ல முக்காவாசிப் பேருக்கு இப்படித்தான் எழுதியிருக்கேன்."

"முக்காவாசிப் பேரு வழக்குப் போடலையே. நாளைக்குத் தங்கமணி இந்தத் தாளைக் கோர்ட்டுல காட்டுனா நான் என்ன சொல்றது?"

"அதையும் யோசிச்சுத்தான் சொல்றேன். உங்க வீட்டம்மாவுக்கு நாள் ஓடுது."

"எங்கப்பனுக்கும் விதைக்கு நாள் ஓடுதுன்னுதான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதற்கு அமலம் கோபப்படவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அரிசி களைந்துகொண்டே, "நிலம் போயிட்டா எனக்கு நெஞ்சு இருந்து என்னங்க ஆகப்போவுது" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். கோயில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது தரம் உட்கார்ந்தபோது செருப்பைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குச் செருப்பு எது, மூச்சு எது என்று தெரியாதா?

திங்கட்கிழமை காலையில் கார் ஷெட்டில் போய் நின்றேன்.

"எங்கே போடணும்?" என்றேன். அப்படிக் கேட்கிற ஆளாக நானும் ஆகிவிட்டேன்.

அம்சவல்லி மனுவை எடுத்துக் கொடுத்தது. "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க ஐயா. நீங்க படிக்கறவரு."

"படிச்சதுதான். ஒரே வார்த்தை. அது மனப்பாடம் ஆயிடுச்சு."

மதலைமுத்து என்று ஆறு எழுத்தையும் குத்திக் குத்திப் போட்டேன். தாள் கிழியாதது அதிசயம்.

"சாயங்காலம் வயல் பக்கம் வருவேன். நேர்ல பார்த்து எழுதணும்" என்றது அந்த அம்மா. வேறு எந்த அலுவலர் நேரில் பார்த்து எழுதினார்? எல்லாம் நாற்காலியிலிருந்து எழுதியதுதான். தங்கமணிக்காக வேவு பார்க்க வருகிறது என்றுதான் நினைத்தேன்.

வந்தது. சம்பா அறுத்து முடித்த நேரம், களத்தில் நெல் குவிந்து கிடந்தது. நான் முகம் கொடுக்கவில்லை. "என்ன ரகம் ஐயா?" என்று கேட்டதற்கு, "கூலிக்காரனுக்கு என்ன தெரியும்? ஏஜெண்டைக் கேளு" என்றேன். அமலம்தான் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அது என்னம்மா தனிக் குவியல்? மேல சாம்பல் போட்டிருக்கு?"

"அது மிராசு பங்குங்க" என்றாள் அமலம். "வழக்குப் போட்டதுலேர்ந்து அவங்க வாங்க மாட்டேங்கறாங்க. வாங்கிட்டா இவரு குத்தகைக்காரருன்னு ஆயிடுமாம். இவரு வித்து, வக்கீலு சொன்னபடி கோர்ட்டுல கட்டிடறாரு. இருந்தாலும் மொதல்ல அதை அளந்து வச்சுட்டுத்தான் எங்க நெல்லைத் தொடுவாரு. நான் எவ்வளவோ சொல்லிட்டேன், வாங்க வராதவனுக்கு எதுக்கு மொதல் மரக்கால்னு. கேக்க மாட்டாரு. புடிவாதம்."

"சும்மா இரு" என்றேன். கண்டவர்களிடம் எல்லாம் வீட்டுப் பேச்சைப் பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சல். வரப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அந்த அம்மா ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்து என்னமோ எழுதியது. மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டது. நாலு நாளில் சான்று வந்தது, அதைக் காட்டிப் புது அட்டையும் வந்தது. படத்தில் நான் எதிராளியைப் பார்க்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பங்குனியில் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அமலத்தைச் சேர்த்தார்கள். அட்டையை வாங்கிக்கொண்டார்கள், காசு கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் சந்தேகம். காசு வாங்காமல் ஒருத்தன் நெஞ்சில் கை வைப்பானா? உள்ளே எதையாவது எடுத்துக்கொண்டு விட்டுவிட்டால்?

"எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றாள் அமலம். "உங்களைக் கட்டிக்கிட்டு என் நெஞ்சுல எடுக்க என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?" பக்கத்துக் கட்டிலில் இருந்த நாகூர்க்காரப் பெண் சஃபியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். எங்கே அறுத்தீர்கள் என்று கேட்டேன். அறுக்கவில்லையாம். தொடை வழியாக ஒரு கம்பியை நெஞ்சு வரைக்கும் விட்டு, அங்கே சின்ன பலூனை ஊதி, சுருங்கிய வால்வை விரித்துவிட்டு, பலூனை எடுத்துவிட்டார்களாம். எனக்குத் திருவிழாவில் பலூன் தெரியும். தொடையில் பலூன் தெரியாது. பார்த்தால் தழும்புகூட இல்லை, கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி.

"ஒண்ணும் பண்ணாம பண்ணிட்டோம்னு சொல்றாங்களோ?" என்றேன்.

டாக்டர் சின்னப் பையன். கோபப்படவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நடக்க விடுங்க ஐயா. அவங்க சொல்லுவாங்க" என்றார்.

அவள் சொல்லவில்லை. நடந்தாள். சித்திரைக் கடைசியில் பூசைக்கு ஒரு இடத்திலும் உட்காராமல் போனாள். ஆனியில் ஆற்றங்கரை ஏறி விறகு கொண்டுவந்தாள். தானாகச் சரியாகியிருக்கலாம், மாதாவுக்கு அவள் நேர்ந்துகொண்டதும் இருக்கிறது. எது செய்தது என்று யார் கண்டது? நான் அட்டைக்கு முழு மார்க்கும் கொடுக்கத் தயாராக இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் அவள் மூச்சைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டிருந்தது. சீராக இருந்தது. கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வேன்.

அதே ஆனியில் ஜெக்கரியா செய்தி அனுப்பினார், புது முன்சீப் போட்டாகிவிட்டது என்று. மறுநாளே டவுனுக்குப் போய் விசாரித்தேன். பொம்பளை. வயது முப்பதுகூட ஆகவில்லை. சொந்த ஊர் கோடியக்கரைப் பக்கம், அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

"பாய், உப்பளத்துல என்ன பயிரு? அந்தப் பொண்ணுக்கு நாத்துக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"சட்டம் தெரியும் பெரியவரே."

"சட்டமா களத்துல நின்னு அளந்துச்சு?"

"மூணு வருஷமா ஆளைப் போடலை போடலைன்னு என் உயிரை வாங்கினீங்க. போட்டாச்சு. இப்ப என்ன?"

"போட்டது யாருன்னு தெரியலையே."

ஜெக்கரியா எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

அந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. குறுவை கிடையாது. வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கோர்ட்டில் மட்டும் தண்ணீர் வேகமாக ஓடிற்று. அந்தப் பெண் வியாழன் வெள்ளி பார்க்கவில்லை, தினமும் உட்கார்ந்தது. புரட்டாசியில் நான் கூண்டில் ஏற வேண்டும் என்று தேதி வந்தது. நானும் அமலமும் போனோம்.

எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரம் எதையெதையோ கேட்டார். கடைசியாகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தாள் கிழியக் குத்தின கையெழுத்து மறக்குமா? தகவல் கேட்கிற சட்டத்தில் மனுப் போட்டு, தாலுகா ஆபீசிலிருந்து தங்கமணி நகல் வாங்கியிருக்கிறான். பெஞ்சியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து மீசையைத் தடவினான்.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

"என்னுதுதான்."

"தொழில்னு போட்ட இடத்துல என்ன எழுதியிருக்கு? படிங்க."

என் அப்பா விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. நான் படித்தேன். உரக்கவே படித்தேன். "விவசாயக் கூலி."

"தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"தெரிஞ்சுதான் போட்டேன். பொய்யின்னும் தெரியும்."

கோர்ட்டில் சலசலப்பு. ஜெக்கரியா தலையில் கை வைத்துக்கொண்டார். முன்சீப் அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தது.

"பொய்யின்னா ஏன் போட்டீங்க?"

"என் பொண்டாட்டிக்கு நெஞ்சு அடைச்சுதுங்கம்மா. ஒரு வார்த்தைக்கு ஒரு உசிரு. போட்டுட்டேன். வேணும்னா அதுக்குத் தண்டனை குடுங்க. நிலத்துக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

அமலம் பின் பெஞ்சியில் எழுந்து நின்றுவிட்டாள். டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் அவளை உட்காரச் சொன்னார்.

முன்சீப் அம்மா கையை நீட்டியது. அந்தத் தாளை வாங்கிப் பார்த்தது. முன்பக்கம் பார்த்தது. அப்புறம் திருப்பியது. திருப்பிய பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தது. எதிர்த்தரப்பு வக்கீலைக் கேட்டது.

"இது நீங்க தாக்கல் செஞ்ச ஆவணம்தானே?"

"ஆமாங்கம்மா. சான்று பெற்ற நகல்."

"பின்பக்கம் படிச்சீங்களா?"

அவர் தங்கமணியைப் பார்த்தார். தங்கமணி மீசையிலிருந்து கையை எடுத்தான்.

முன்சீப் அம்மா அதை வாய்விட்டுப் படித்தது. அலுவலர் அம்சவல்லியின் விசாரணைக் குறிப்பு அது. 'மனுதாரரின் களத்தை இன்று நேரில் பார்வையிட்டேன். மனுதாரர் மேற்படி ஏழு மாவில் சம்பா நெல் அறுவடை செய்து அடித்துள்ளார். நில உடைமையாளருக்கான குத்தகை நெல் முதலில் அளக்கப்பட்டு, தனிக் குவியலாக, சாம்பல் குறியிட்டு வைக்கப்பட்டுள்ளதைக் கண்டேன். அது போக மீதி நெல்லும் மனைவியின் நடவுக் கூலியுமே இக்குடும்பத்தின் வருமானம். சான்று வழங்கலாம்.' கீழே கையெழுத்து, தேதி, சர்க்கார் முத்திரை.

முன்சீப் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது.

"வாங்க வராதவங்களுக்கு எதுக்கு மொதல்ல அளந்தீங்க?"

"அது அவங்க பங்குங்கம்மா. வாங்க வராதது அவங்க வேலை. அளக்கிறது என் வேலை."

"கூலிக்காரர் அப்படி அளப்பாரா?"

"கூலிக்காரன் எதுக்கு அளக்கப் போறான்? அவன் மடியில வாங்கிட்டுப் போவான்."

அதை அப்படியே எழுதிக்கொண்டது. உப்பளத்தில் பிறந்தாலும் பேனா ஓடியது.

கார்த்திகையில் தீர்ப்பு. நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வருவது நான்தான், சட்டப்படி அல்லாமல் என்னை வெளியேற்றக் கூடாது என்று படித்தார்கள். தாமதமாக வந்த தண்ணீரில் நட்ட சம்பா அப்போது முழங்கால் உயரம் நின்றது. வெளியே வந்ததும் ஜெக்கரியா என் தோளில் கை போட்டார். அந்த ஆள் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"பெரியவரே, உங்களை ஒண்ணு கேக்கணும். அந்த அலுவலர் அம்மா உங்க முன்னாடிதானே நின்னு எழுதுச்சு? எட்டிப் பார்க்கலையா?"

"பார்க்கலை."

"எதையும் படிக்காம விடமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்வீங்க."

"கோபத்துல வரப்பைப் பார்த்துக்கிட்டு நின்னேன் பாய். அதை ஏன் இப்ப கேக்கறீங்க?"

"நீங்களும் படிக்கலை, தங்கமணியும் படிக்கலை. நல்ல ஊருய்யா உங்க ஊரு."

அமலம் சிரித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன், அந்த அம்மா நல்ல பொண்ணுன்னு. இவருக்கு மோரு குடுத்ததே புடிக்கலை." அப்புறம் என் பக்கம் திரும்பி, "போற வழியில ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்" என்றாள்.

"பார்த்ததை எழுதுச்சு. அதுக்குத்தான் சம்பளம்" என்றேன். ஆனாலும் அந்தக் கார் ஷெட் வழியாகப் போனால் தப்பில்லை என்று தோன்றியது. தங்கமணி பல் விளக்குகிற இடத்தையும் ஒரு தரம் பார்த்த மாதிரி இருக்கும்.

"இப்பவாவது ஒத்துக்குவீங்களா?" என்றார் ஜெக்கரியா. "சர்க்கார் அட்டை உங்க வீட்டம்மாவைக் காப்பாத்துச்சு. சர்க்கார் தாளு உங்க நிலத்தைக் காப்பாத்துச்சு. கோர்ட்டும் நியாயம் சொல்லிடுச்சு."

"அவன் அப்பீல் போவான்ல?"

"போவான்."

"அங்கே யாரு உட்காருவா?"

"சப் ஜட்ஜு."

"அந்த நாற்காலியில இப்ப ஆள் இருக்கா?"

ஜெக்கரியா வேப்பமரத்தைப் பார்த்தார். "ஆவணியிலேர்ந்து காலி. போட்டுடுவாங்க."

"யாரை?"

"யாரையாவது போடுவாங்க பெரியவரே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். டீ சாப்பிட்டுப் போகலாம் என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். கையை மட்டும் ஆட்டினேன்.

அமலம் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தாள். கோர்ட்டுப் படி பதினொன்றையும் இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போ" என்று கத்தினேன்.

"மூச்சே வாங்கலைங்க!"

"அட்டை பையில இருக்கா?"

"இருக்கு."

"பழசு?"

"அது எதுக்கு? செல்லாததுதானே. அடுப்புல போட்டுடலாம்னு இருந்தேன்."

"போட்டுடாத. தேர்தல் வரும். ஆள் மாறுவான். இது செத்து அது உயிரோட வந்தாலும் வரும். ரெண்டையும் ஒண்ணா வை."

அவள் சிரித்துக்கொண்டே பையைத் தட்டிக் காட்டினாள். பஸ் வந்தது. நான் ஓட வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது எனக்குத்தான்.